உன் நாவலும் மதிப்புரைகளும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மதிப்புரைகளை எல்லாம் படித்தேன். புகழ்ந்தவர்களில் பாதிப் பேர் பின்னட்டையைத் தாண்டவில்லை என்பது என் சந்தேகம். கதைச்சுருக்கம் சொல்லிவிட்டு, நம்பிக்கை தரும் புதிய குரல் என்று முடித்துவிடுகிறார்கள். எந்த முதல் நாவலுக்கும் அதை ஒட்டலாம்.

உன்னைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கட்டுரைக்காரர்தான் முழுசாகப் படித்திருக்கிறார். தாத்தா இறந்த பிறகு கதை ஓட்டம் பிடிக்கிறது, கடைசி அத்தியாயங்களில் பாத்திரங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஆசிரியரே பேசுகிறார் என்கிறார். படிக்கும்போது எனக்கும் அங்கே அப்படித்தான் பட்டது. ஆனால் நடை வறண்டது என்று அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கிழவி வீட்டுப் பத்திரத்தைத் தேடும் அத்தியாயத்தை நீ எவ்வளவு அடித்துத் திருத்தினாய் என்று எனக்குத் தெரியும். அங்கே ஓர் உவமை சேர்த்திருந்தாலும் கெட்டிருக்கும்.

அவருக்குப் பதில் எழுதப் போகிறேன் என்றாயே, வேண்டாம். 1994இல் இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது மூத்த எழுத்தாளர் சுந்தர ராமசாமி அதைக் கொண்டாடினார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் சாதி அடுக்கைக் காட்டியதற்காக வேறு சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். அந்த வாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, 1999இல் இமையத்தின் அடுத்த நாவல் 'ஆறுமுகம்' வந்துவிட்டது. நீயும் அடுத்ததைப் பார்.

அதற்காக அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடாதே. ஆங்கில எழுத்தாளர் எமிலி பிராண்டேயின் ஒரே நாவல் 'வுதரிங் ஹைட்ஸ்' 1847இல் புனைபெயரில் வெளியானது. முரட்டுக் கதை என்று பலர் முகம் சுளித்தார்கள். மறு வருடமே அவர் இறந்துபோனார். அவருடைய எழுதுபெட்டியில் அந்த நாவலுக்கு வந்த ஐந்து மதிப்புரைகளின் நறுக்குகள் இருந்தனவாம். நீயும் எடுத்து வை. கோபம் ஆறியதும் கடைசி அத்தியாயங்களைப் பற்றிய பத்தியை மட்டும் திரும்பப் படி.

இங்கே நடக்கும் விமர்சனம் வேறு மாதிரி. நாவலில் வரும் கடன்கார அப்பா நான்தானா என்று அத்தை கேட்டாள். அந்த ஆளின் முன்கோபம் என்னுடையது, கடன் உன் கற்பனை. கோபத்தை மட்டும் ஒப்புக்கொண்டால் நம்ப மாட்டாள் என்று இரண்டுக்கும் சேர்த்தே ஆமாம் போட்டுவிட்டேன்.

அப்புறம், பதிப்பாளரிடம் ஒன்று சொல். பெரியம்மாவின் பெயர் முதல் பாதியில் செண்பகம், பிற்பாதியில் சண்பகம். முழுசாகப் படித்தவர் கண்ணிலும் இது படவில்லை. இரண்டாம் பதிப்புக்கு முன் திருத்திவிடச் சொல்.

அன்புடன்,
அப்பா