"கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 15 வருடம் தாண்டிய வண்டியில் ஈ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டால் தள்ளிவிடுவதே லாபம் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பியிருந்தால் என் கார் இதற்குள் இரண்டு முறை காயலான் கடைக்குப் போயிருக்கும்.

2004-ல் புதிதாக வாங்கிய சின்ன பெட்ரோல் கார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பினோம். விராலிமலை தாண்டியதும் வண்டி மூச்சை நிறுத்திவிட்டது. முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அதே கதை. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். பழுது காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஈ.சி.யூ. போயிடுச்சு சார். புதுசு 38,000 ஆகும். பழைய மாடல், ஆர்டர் போட்டாலும் வருமான்னு சொல்ல முடியாது" என்றார்கள். எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன். "ஸ்கேனர்ல கனெக்ட் ஆக மாட்டேங்குது சார்." அவ்வளவுதான் பதில்.

மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். வீட்டில் லைட் மினுக்கினால் மீட்டரையா முதலில் கழற்றுவோம்? வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஸ்கேனரைத் தொடவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை ஈ.சி.யூ. கப்ளரின் (ஒயர்களைச் செருகும் இணைப்பின்) எர்த் ஒயரிலும் வைத்தார். 0.9 வோல்ட் காட்டியது. பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், இன்ஜின் மேல் அது முடுக்கப்பட்டிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு, ஒரு பத்துப் பைசா அளவுக்கு. உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் முனைக்குப் புது லக் (உலோக வளையம்) அடித்து முடுக்கினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். கார் மூன்று வருடம் முணுமுணுக்காமல் ஓடியது.

ஈ.சி.யூ. என்பது மந்திரப் பெட்டி இல்லை. இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறப்பது, எப்போது பொறி விடுவது என்று அது கணக்குப் போடுகிறது. அதற்கு நல்ல 12 வோல்ட் சப்ளை வேண்டும், நல்ல எர்த் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று ஆட்டம் கண்டால் பெட்டி பைத்தியம் பிடித்தது போல நடக்கும். ஸ்கேனர் தொடர்பும் அறுந்துபோகும். ரிலே, ஃபியூஸ், எர்த் மூன்றையும் பார்க்காமல் பெட்டியின் மேல் பழி போடுவது எளிது. பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது. 2000-ல் புகை விதிகள் இறுகி, கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்ரோலைக் காற்றில் கலந்து கொடுத்த கார்புரேட்டர் மலையேறியதிலிருந்து இந்தப் பழக்கம்தான். (கார்புரேட்டருக்காக நான் கண்ணீர் விடவில்லை. மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.)

சென்ற வருடம் ஈ.சி.யூ. நிஜமாகவே போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டு, இடது பக்கக் கால்மிதி எப்போதும் ஈரமாகவே இருந்தது. குடை வைத்த ஈரம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அதற்கு மேலேதான் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் மூன்று சிலிண்டரில் தத்தக்கா பித்தக்கா என்று ஓட ஆரம்பித்தது. அதே எலக்ட்ரீஷியன். இன்ஜெக்டர் கப்ளர் ஒவ்வொன்றிலும் சோதனை பல்பைச் செருகிப் பார்த்தார். மூன்றில் மினுக்கியது, ஒன்றில் எரியவே இல்லை. அங்கிருந்து பெட்டி வரைக்கும் ஒயர் சுத்தமாக இருந்தது. "இந்தத் தடவை பெட்டிதான் சார்" என்றபடி கழற்றி மூடியைத் திறந்தார். பின்களின் மேல் பாசி பிடித்தது போலப் பச்சைக் களிம்பு. போர்டின் தடம் ஓர் ஐ.சி.யின் (சிப்பின்) அடியிலேயே அரித்துப் போயிருந்தது.

சென்னை புதுப்பேட்டையில் தேடி 6,500 ரூபாய்க்கு ஒரு பழைய பெட்டி கிடைத்தது. எதிர்காலத்தில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கப்ளர் பொருந்துகிறது என்று எடுத்துவிடாதீர்கள். லேபிளில் உள்ள எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலில் ஏ.சி. உள்ளதற்கும் இல்லாததற்கும்கூடப் பெட்டி வேறாக இருக்கலாம்.

மாட்டினோம். ஸ்டார்ட் ஆகி, இரண்டே விநாடியில் அணைந்தது. டேஷ்போர்டில் சாவி விளக்கு கண்ணடித்தது. சாவிக்குள் இருக்கும் சிப்பும் பெட்டியும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். புதுப்பேட்டைப் பெட்டிக்கு இன்னும் பழைய சொந்தக்காரரின் சாவிதான் ஞாபகம். திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆர்.சி. புத்தகம், ஆதார், வாங்கிய பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சாவி கோடை (பெட்டி ஞாபகம் வைத்திருக்கும் சாவி அடையாளத்தை) மாற்றித் தரச் சொன்னால், "நாங்க வித்த பெட்டி இல்லை, செய்ய மாட்டோம்" என்கிறார்கள். புதியது விற்கிறார்களா என்றால் அதுவும் இல்லை.

கடைசியில் வேலை முடிந்தது கோயம்புத்தூரில் ஒரு மாடியறையில். எட்டுக் கால் மெமரி சிப் ஒன்றை, அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, அரித்துப்போன என் போர்டிலிருந்து சூட்டுக்காற்றில் எடுத்து, அதில் இருந்ததைப் படித்து, புதுப்பேட்டைப் பெட்டியின் சிப்பில் எழுதினார் ஒருவர். கூலி 2,500. வந்து மாட்டியதும் சாவி விளக்கு ஒருமுறை எரிந்து அடங்கியது, இன்ஜின் சீராக ஓடியது. பயணச் செலவெல்லாம் சேர்த்தாலும் முதலில் சொன்ன 38,000-த்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்.

வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு உதிரிபாகமும் பழுது கண்டறியும் கருவியும் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீடு, நீதிமன்றம் என்று அது பிறகு நீண்டது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமே திறந்தது. அதில் வாகனத் துறையும் அடக்கம். எனக்குத் தேவைப்பட்ட சாவி கோடு மட்டும் எங்கும் இல்லை.

2024-ல் ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய் கட்டினேன். 20 வருடம் தாண்டிய காருக்கு அது இப்போது 10,000 ஆகிவிட்டது. இவ்வளவு வாங்கிக்கொண்டு இன்னும் ஐந்து வருடம் ஓட்டு என்று அரசே அனுமதி கொடுக்கிறது. அப்படியானால் அந்த ஐந்து வருடமும் வண்டியைப் பழுது பார்க்க வழி இருக்க வேண்டுமல்லவா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் அடையாளம் காட்டிக் கேட்டால் சாவி கோடைத் தர வேண்டும், நியாயமான கூலி வாங்கிக்கொண்டு பழைய பெட்டியையும் பதிந்து தர வேண்டும். பெட்டி போய்விட்டது என்று எழுதிக் கொடுக்கிறவர்கள், சப்ளை எத்தனை வோல்ட், எர்த்தில் எத்தனை என்று அதே தாளில் குறித்துத் தர வேண்டும். இரண்டு எண், ஐந்து நிமிட வேலை.

கட்டுரையாளர் திருச்சிப் பக்கம் வந்தால் காரில் ஒரு சுற்று அழைத்துப் போகிறேன். கால்மிதி காய்ந்துதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
ஸ்ரீரங்கம்