வாடகை கேட்கக் கூடாதென்றால் வட்டியும் கேட்காதீர்கள்

நிதி அமைச்சினதும் மத்திய வங்கியினதும் அதிகாரிகளுக்கும், வடக்கில் கொவிட் நிவாரணங்களைத் தீர்மானிக்கும் பொறுப்பில் இருப்போருக்கும்,

வணக்கம்.

2021 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஊரடங்கு தளர்த்தப்பட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் வங்கியின் கடிதம் வந்து சேர்ந்தது. நிலுவைத் தவணைகளையும் தாமதக் கட்டணத்தையும் குறித்த திகதிக்குள் செலுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்பது அதன் சாரம். மகள் வாசித்துச் சொன்னாள். கடிதம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எனக்காகப் பிணை நின்ற இருவருக்கும் அதன் பிரதிகள் போயிருந்தன. அந்தப் பிரதிகள்தான் இந்த மடலை எழுத வைத்தன.

நான் கிளிநொச்சியில் நான்கு அறைகளையும் ஒரு கடையறையையும் வாடகைக்கு விட்டிருப்பவள். அறைகளில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடையறையில் ஒரு தம்பி சலூன் நடத்துகிறார். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயில் முன்வீடு எழுந்தது. அறைகளுக்காக வங்கியில் 15 இலட்சம் கடன் எடுத்தோம். கணவர் மேசன் என்பதால் கூலி மிச்சமானது. அறைக்கு மாதம் 5,000, கடைக்கு 8,000. வங்கித் தவணை 23,000 ரூபாயைத் தாண்டும். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் தவணை போக எங்களுக்கு மிஞ்சுவது ஐயாயிரத்துக்கும் குறைவு. “வீட்டுக்காரர்” என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனதில் எழும் மாடிவீட்டு மனிதர் இங்கே இல்லை.

2020 மார்ச் ஊரடங்கும், 2021 மே மாதப் பயணத்தடையும், ஓகஸ்ட் 20 ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கும் உங்கள் தரப்பு அறிவித்தவை. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் ஆட்களை இழந்திருக்கிறோம். நான் கேட்பது, அந்த நாட்களின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதை மட்டுமே.

ஓகஸ்ட் ஊரடங்கின்போது எங்கள் தெருவுக்கு வந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், வாடகை கேட்டு யாரையும் நெருக்கக் கூடாது, அறையை விட்டு எழுப்பவும் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். தன்மையாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். யாரையும் எழுப்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பின்னேரம் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. “வாடகையை வாங்கியாவது கட்டுங்கள் அம்மா, வாடகைக்கு விடுவதாகச் சொல்லித்தானே கடன் எடுத்தீர்கள்” என்றார் மறுமுனையில் இருந்தவர். காலையில் ஒருவர் கேட்காதே என்கிறார். மாலையில் ஒருவர் கேள் என்கிறார். இருவருக்கும் இடையில் நிற்பவளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு சொல்லும் இல்லை.

வாடகை கேட்கக் கூடாதென்றால் வட்டியும் கேட்காதீர்கள். இதுதான் என் கோரிக்கை. மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

மூன்றாவது அறையில் இருப்பவள் முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவளுடைய சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு நடக்கிறது. அவளுக்குத் தொற்று உறுதியானபோது அறைக் கதவை உட்பக்கமாகச் சாத்திக்கொண்டு இருந்தாள். சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு நான் விலகி நிற்பேன், அவள் கதவைத் திறந்து எடுப்பாள். ஒருநாள் கழுவிய தட்டின் கீழே மடித்த தாள் ஒன்று இருந்தது. ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றைச் சுற்றி, “அன்ரி, இந்த மாதம் இவ்வளவுதான். மிச்சத்தை மேலதிக நேர வேலை தொடங்கியதும் தருகிறேன். என்னை எழுப்பிவிடாதீர்கள்” என்று எழுதியிருந்தாள். அந்த நோட்டை நான் வாங்கவில்லை. வங்கி அதிகாரி கேட்டபடி அவளிடம் போய்க் கேட்டு வாங்கியிருக்க வேண்டுமா? உங்களில் ஒருவராவது பதில் எழுதுங்கள்.

சலூன்காரத் தம்பியின் கதை இதைவிடச் சுருக்கம். கடையைத் திறக்காதே என்றது அரசாங்கம். திறக்காத கடைக்கு அவர் எப்படி வாடகை தருவார்? கேட்கவும் மனம் வரவில்லை.

ஆட்கள் வேலையின்றி அறையிலேயே கிடந்ததால் மின்விசிறி பகலிரவாகச் சுழன்றது. முழு வளவுக்கும் ஒரே மின்மானி, அதுவும் என் பெயரில். 2021 இல் மாதம் 180 அலகைத் தாண்டினால் அதன் பின் ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. தனித்தனி வீடுகளாக இருந்தால் ஒவ்வொருவரும் குறைந்த படியில் கட்டும் கணக்கு, ஒரே மானியில் சேரும்போது உச்சப் படிக்கு ஏறிவிடுகிறது. ஏழைகள் பலர் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கு விதிக்கப்படும் தண்டம் இது. இதைப் பற்றி எந்த நிவாரண அறிவிப்பிலும் ஒரு வரி வரவில்லை.

இனிச் சலுகைகளுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் கடன் சலுகை அறிவித்தீர்கள். முச்சக்கரவண்டி லீசிங்குக்கு ஆறு மாதம், பத்து இலட்சத்துக்கு உட்பட்ட தனிநபர் கடன்களுக்கு மூன்று மாதம். பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டிக்காரருக்கு அது மூச்சுவிட இடம் தந்தது, மகிழ்ச்சி. என்னுடையது பத்து இலட்சத்தைத் தாண்டிய கடன், ஆகவே நான் அதற்குள் வரவில்லை. தொழில் முயற்சிகளுக்கான சலுகையைக் கேட்டேன். வியாபாரப் பதிவு எங்கே என்றார்கள். அறை வாடகைக்கு விடும் பெண்களில் எத்தனை பேரிடம் வியாபாரப் பதிவு இருக்கிறது? முகாமையாளர் இரக்கப்பட்டுச் சில மாதத் தவணையைத் தள்ளிவைத்தார். தவணை தள்ளிப் போனது, வட்டி தள்ளிப் போகவில்லை. அந்த மாதங்களின் வட்டியும் கடனோடு சேர்ந்துகொண்டது. சுற்றுலாத் துறைக்கு மட்டும் சலுகையை மீண்டும் மீண்டும் நீடித்தீர்கள். கரையோரத்து ஹோட்டல் அறை வெறுமையாகக் கிடந்தால் அது நாட்டின் நட்டம். தொழிற்சாலைப் பிள்ளை வாடகை தர முடியாமல் இருக்கும் அறை யாருடைய நட்டம்?

5,000 ரூபாய்க் கொடுப்பனவு வந்தபோதும், பின்னர் 2,000 ரூபாய் வந்தபோதும் பெயர் பதியப் போனேன். “உங்களுக்கு வாடகை வருகிறதே” என்றார்கள். வங்கிக்கு நான் வருமானம் இழந்தவள் அல்ல, ஏனென்றால் வாடகையை வாங்கலாம். நிவாரணப் பட்டியலுக்கும் நான் வருமானம் இழந்தவள் அல்ல, ஏனென்றால் வாடகை வருகிறது. பொலிஸுக்கு மட்டும் வாடகை வரக் கூடாது.

வழக்குப் போடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது, இணக்க சபை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. முடக்க காலத்தில் அவற்றின் கதவுகளும் பெரும்பாலும் மூடியே இருந்தன. திறந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். தட்டின் கீழே ஆயிரம் ரூபாயை மடித்து வைத்த பிள்ளைக்கு எதிராகச் சட்டத்தரணி பிடிப்பதா?

பிணை நின்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் பெரும்பாலானவை குடியேற்றத் திட்டக் காணிகள். எங்கள் கையில் இருப்பது காணி உறுதிப்பத்திரம் அல்ல, அரசு தந்த அனுமதிப்பத்திரம். அதை ஈடாக வைக்கப் போனால் வங்கிகள் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே இங்கே காணிக்குப் பதிலாக ஆட்களைத்தான் ஈடு வைக்கிறோம். அரச சம்பளம் பெறும் இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும். எனக்குக் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் ஆசிரியை. போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எங்களோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். அந்த உறவின் பலத்தில்தான், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார். கடிதத்தின் பிரதி கிடைத்த அன்று வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “அக்கா, என் சம்பளத்தில் வெட்டுவார்களா?” என்று கேட்டார். அவருடைய மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். அவனுக்காக அவரும் ஒரு கடன் எடுக்க இருந்தார். யாருக்கு எவ்வளவு கடன் நிலுவை என்று வங்கிகள் பார்க்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில் என் நிலுவை அவர் பெயரிலும் பதிவாகும், அந்தக் கடன் கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு அந்த முகாமுக்குள் போனபோதும், எவர் முன்னாலும் தலைகுனிய வேண்டிய நிலை எனக்கு வரவில்லை.

போரில் வீட்டை இழந்தோம், அது தரைமட்டமான இடத்தில் திரும்பக் கட்டினோம். கட்டுங்கள், கடன் எடுங்கள், சொந்தக் காலில் நில்லுங்கள் என்று மேடைகளில் சொன்னவர்களும் நீங்கள்தான். வங்கிக் கிளைகளும் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன்காரர்களும் ஏ9 வீதியோரத்தில் வரிசையாக வந்தார்கள். கடனைப் பற்றிப் பேசும்போது எங்களைத் தேடி வீட்டு வாசலுக்கு வந்த நிர்வாகம், நிவாரணத்தைப் பற்றிப் பேசும்போது பட்டியலைக் காட்டி எங்களைத் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கோபத்தை மரியாதையான சொற்களில் எழுத நான் மிகவும் சிரமப்படுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முடியாததைக் கேட்கவில்லை. 2020 மே மாதம் அரசும் தொழில் தருநரும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து, வேலைக்கு அழைக்கப்படாத தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடுதலோ அது, என்று முடிவெடுத்தார்கள். சுமையைப் பகிரத் தெரிந்திருந்தது. அந்த 14,500 ரூபாயில் அறை வாடகையும் அடங்குமா என்று அந்த மேசையில் யாராவது கேட்டார்களா என்பதே என் ஆதங்கம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும் அரசு முன்வந்தது. மனம் வைத்தால் வழி இருக்கிறது.

எங்கள் சனம் நிறையப் பேர் வாழும் கனடாவில், 2020 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சிறுகடைகளின் வாடகைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பாதியை அரசு தந்தது, கால்வாசியைக் கடைக்காரர் கட்டினார், மிச்சக் கால்வாசியை உரிமையாளர் விட்டுக்கொடுத்தார். உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்ததால் பல கடைகள் தவறவிடப்பட்டன என்ற குறையும் அங்கே எழுந்தது, பின்னர் உதவியை நேரடியாக வாடகைக்காரருக்கே கொடுத்தார்கள். எங்கள் அரசிடம் கனடாவின் பணம் இல்லை என்பது தெரியும். கால்வாசியை விட்டுக்கொடு என்றால் நான் விட்டுக்கொடுக்கத் தயார். ஏற்கெனவே அதற்கு மேல் விட்டுக்கொடுத்துவிட்டேன். முழுவதையும் என்னிடமே விட்டுவிட்டு, அதற்கு வட்டியும் போடாதீர்கள்.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன். ஊரடங்கும் பயணத்தடையும் நடைமுறையில் இருந்த மாதங்களுக்கு, வாடகை வருமானத்தை நம்பிக் கடன் எடுத்தவர்களிடம் வட்டியும் தாமதக் கட்டணமும் அறவிடக் கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். பத்து இலட்சம் என்ற எல்லையையும் வியாபாரப் பதிவு என்ற நிபந்தனையையும் இதற்குப் போடாதீர்கள். அறையில் யார் இருந்தார்கள், வாடகை வந்ததா இல்லையா என்பது கிராம அலுவலருக்குத் தெரியும், அவருடைய உறுதிப்படுத்தலை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவரை பிணை நின்றவர்களுக்குக் கடிதம் அனுப்புவதையும், அவர்கள் பெயரில் நிலுவை பதிவதையும் நிறுத்திவையுங்கள். எங்களுக்கு அனுப்பும் கடிதங்களைத் தமிழில் அனுப்புங்கள்.

வங்கிக் கடிதத்தில் குறிப்பிட்ட திகதி இந்த மாதக் கடைசி. அதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு பெண்