காணாமல் போனது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து கிளப்புகளின் கடன் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மூன்றாவது பத்தி வரை நல்ல கட்டுரை. அங்கேதான் 'போர்ட்ஸ்மவுத் போலக் காணாமல் போன அணிகள்' என்று ஒரு வரி. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் ஐயா காணாமல் போனது?

முதலில் பெயர். அது 'மவுத்' இல்லை, போர்ட்ஸ்மத். இதைச் சொல்லி முன்பே ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தைப் போட்டீர்கள், மறுக்கவில்லை. நான்கு பத்தியை நான்கு வரியாக்கி, என் இனிஷியலையும் மாற்றிப் போட்டீர்கள். என் மாமனார் அது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டார்.

ஏற்காட்டில் இருக்கிறவனுக்கு இங்கிலாந்துத் துறைமுக ஊரின் அணியோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். என் தம்பி கப்பலில் வேலை பார்த்தவன். 2003இல் அந்த அணி அந்நாட்டின் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறிய வருடம், எனக்கு ஒரு நீல மஃப்ளர் கொண்டுவந்தான். மார்கழிப் பனிக்கு ஆகும் என்று கழுத்தில் போட்டதுதான், அப்படியே ஒட்டிக்கொண்டது. 2008 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எங்கள் ஆட்டக்காரர் கனு 37ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். கார்டிஃப் அணியை 1-0 என்று ஜெயித்தோம். அந்த கோல் விழுந்தபோது எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அந்த வருடத்து மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் நடந்தது நீங்கள் அறியாததல்ல. சக்திக்கு மீறிச் சம்பளம் கொடுத்தார்கள், கடன் ஏறியது. டிஃபோ, க்ரவுச், க்ளென் ஜான்சன் என்று நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2009-10 பருவத்தில் மட்டும் நான்கு உரிமையாளர்கள் மாறினார்கள். பிரீமியர் லீகில் இருக்கும்போதே திவாலாகி, கடன் நிர்வாகிகளின் கைக்குப் போன முதல் அணி எங்கள் அணிதான். ஒன்பது புள்ளி வெட்டு, கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். கடன் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி செய்த தொண்டு அமைப்பின் பாக்கிகூட இருந்தது.

இதை நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் கணக்குப்பிள்ளையாக இருந்த காபி எஸ்டேட்டும் இப்படித்தான் போனது. பேர் வேண்டாம். முதலில் போனஸ் நின்றது. பிறகு உரக்கடைக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தார். பிறகு நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை லாரி லாரியாக ஏற்றினார்கள். எத்தனை மரம் என்று எழுதிய கை இது. பழம் பறிக்க வந்த பெண்கள் கூலி எப்போது என்று என்னிடம்தான் கேட்டார்கள். நான் என்ன சொல்வது? நான்கு மாதச் சம்பளம் எனக்கே வரவில்லை. அப்போது உங்கள் சேலம் பதிப்பில் ஒரு வரி வரவில்லை. அதே வாரம் கோடை விழாவுக்கு அரைப் பக்கம், வண்ணப் படத்தோடு. அந்த எஸ்டேட்தான் ஐயா காணாமல் போனது. கேட்பாரற்றுப் போனால்தான் அந்தச் சொல் பொருந்தும்.

போர்ட்ஸ்மத்தை ஊரே கேட்டது. 2012இல் மறுபடியும் திவால். அந்த ஆகஸ்டில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர்கூட மிச்சமில்லை, பையன்களை வைத்து ஒப்பேற்றினார்கள். ரசிகர்கள் ஒரு பங்கு ஆயிரம் பவுண்டு என்று போட ஆரம்பித்தார்கள். அன்றைய கணக்கில் 80,000 ரூபாய்க்கு மேல். இரண்டாயிரம் பேருக்கும் மேல் போட்டார்கள். 1899இலிருந்து ஆடுகிற ஃப்ராட்டன் பார்க் மைதானம் கடன் கொடுத்தவரிடம் ஈடாகக் கிடந்தது. லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய் 2013 ஏப்ரலில் அதை மீட்டார்கள். அந்த மாதமே அணி நான்காம் பிரிவுக்கு விழுந்தது, அது வேறு கதை. மறு வருடமே பழைய கடனை எல்லாம் அடைத்துவிட்டார்கள்.

பங்கு போட்ட ரசிகர்கள் அமைத்தது ஆளுக்கு ஒரு ஓட்டு என்கிற சங்கம்தான். சேலத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? வியாபாரி சொன்ன விலைக்கு ஜவ்வரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் 1981இல் ஒன்று சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது.

2017இல் கடைசி ஆட்டத்தில் செல்ட்டனாமை 6-1 என்று அடித்து நான்காம் பிரிவில் முதலிடம் பிடித்தபோது, அணி ரசிகர்கள் கையில்தான் இருந்தது. அதே ஆண்டு அவர்களே ஓட்டுப் போட்டு, டிஸ்னி நிறுவனத்தை முன்பு நடத்திய மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். இதை நான் மறைத்தால் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் கடனில்லாத வீட்டை யோசித்து விற்பதும், ஜப்தியில் போவதும் ஒன்றா?

2024 ஏப்ரல் 16. நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. பார்ன்ஸ்லியோடு ஆட்டம், 2-2. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எங்கள் ஷாக்னசி பந்தைத் தலையால் முட்டி கோல் போட்டார். 3-2. மூன்றாம் பிரிவில் சாம்பியன், பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாம் பிரிவு. நான் போட்ட கூச்சலில் காட்டெருமை தோட்டத்தில் இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். மஃப்ளரோடு அழுதுகொண்டிருந்த கிழவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பினார். காலை முதல் பஸ்ஸில் வந்த பேப்பரைத் தேடினேன். அடுத்த நாளும் தேடினேன். ஐபிஎல்லுக்கு முழுப் பக்கம். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டால் நானும் கைதட்டுகிறவன்தான், கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போடாமல் விட்டதை 'காணாமல் போனது' என்று எழுதாதீர்கள். அடுத்த பருவத்தில் 16ஆம் இடம் பிடித்து இரண்டாம் பிரிவில் நிலைத்ததும் உங்கள் பக்கத்தில் வரவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். திங்கட்கிழமை இதழில் இரண்டாம் பிரிவின் ஆட்ட முடிவுகளை நாலு வரியில் போடுங்கள், பொடி எழுத்தானாலும் சரி, கண்ணாடி இருக்கிறது. இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியை எடுத்துவிடுங்கள். என்னுடையது மகரம், அதையே எடுக்கலாம்.

பெயர் வெளியிட வேண்டாம். இனிஷியல் தப்பாக வரும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஏற்காடு