நல்ல டீச்சர் எந்தப் பள்ளியில் இருக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தெரு வழியாக அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கைப் பேரணி போனது. முன்னால் மேளம், பின்னால் பிள்ளைகள், டீச்சர்கள் கையில் துண்டறிக்கை. காலை உணவு, 4 செட் சீருடை, பாடநூல், பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு என்று எல்லாம் அதில் இருந்தது. எல்லாமே வேண்டியவைதான். ஆனால் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கிற தாய் முதலில் கேட்க நினைப்பது வேறு. உள்ளே பாடம் நடத்துவது யார், எப்படி நடத்துகிறார்? அதற்கு அந்தத் துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

காரிமங்கலம் பக்கம் ஒரு சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அரசு சீருடையைத் தூக்கிக்கொண்டு நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். மகளிர் தையல் சங்கத்தில் மொத்தமாகத் தைத்து வருவதால் ஒருத்திக்குத் தொளதொளவென்று இருக்கும், இன்னொருத்திக்கு இடுப்பே ஏறாது. பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பு வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தாள். வாசலுக்கே வேன் வரும். நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நட்சத்திரம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் அதில் பெருமை. அவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அனுப்புகிற பணத்தில் பாதி அந்தப் பள்ளிக்குத்தான் போனது.

அந்த ஜூனில் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு, டவுசர் இடுப்பைப் பிடித்துத் தர வேண்டும் என்று வந்தான். நான் தைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் மேல் கிடந்த பழைய பேப்பரை எடுத்து, “தக்காளி விலை சரிவு, விவசாயிகள் கவலை” என்று வாசித்தான். வாசித்துவிட்டு, “சரிவுன்னா இறங்கிப் போச்சுன்னு தானேக்கா?” என்று கேட்டான்.

அன்று ராத்திரி மகளை உட்கார வைத்து அவளுடைய தமிழ்ப் பாடத்தை எடுத்தேன். கடகடவென்று சொன்னாள். நடுவில் ஒரு வரியைக் காட்டி, “இதை மட்டும் வாசி” என்றேன். உதடு அசைய முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்துதான் அந்த வரியைப் பிடித்தாள். தனித்தனி எழுத்தாகக் காட்டினேன். ‘கொ’வைக் ‘கெ’ என்றாள். குழந்தை மேல் தப்பே இல்லை. பாட்டு மாதிரி ஒப்பித்ததை எல்லாம் படிப்பு என்று நான்தான் நம்பியிருந்தேன்.

அந்தப் பையனின் பள்ளியைத் தேடிப் போனேன். ஈராசிரியர் பள்ளி, ஐம்பதுக்குள் பிள்ளைகள். ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம். வெளியிலிருந்து பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே டீச்சர் பாய் விரித்துப் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்திருந்தார். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் படிப்பு நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்களே, அந்த மூன்று கூட்டமும் மூன்று வேலையில் இருந்தது. நான் நின்ற பத்து நிமிடத்தில் ஒரு பெண்ணிடம், “நேத்து ‘ழ’வில நின்னோம், இன்னைக்கு அங்கிருந்து ஆரம்பி” என்றார். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

நோட்டைப் பார்க்கக் கேட்டேன், தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அதில் நட்சத்திரம் குறைவு. தப்பான சொல்லைச் சுற்றி வட்டம், அதற்குக் கீழே பிள்ளை திருத்தி எழுதியது, அதற்கும் கீழே டீச்சரின் சின்ன கையெழுத்து. அந்த வாரமே மகளை அங்கே மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். தீபாவளிக்குள் கடைப் பலகை, பஸ் போர்டு என்று எதையும் விடாமல் வாசித்துக்கொண்டு நடந்தாள்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்ததை மற்ற பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். கட்டடத்தையும் பெயிண்டையும் விடுங்கள். நோட்டில் திருத்தியது இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அது எங்கே தடுமாறுகிறது என்று டீச்சர் உடனே சொல்கிறாரா? எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. தாய் தகப்பன் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பினால் பிள்ளையும் கூடவே போய்விடும். அப்படிக் காணாமல் போன பிள்ளைக்காகப் பாட்டி வீட்டுக்கே வந்து கேட்கிற டீச்சர் இருக்கிற பள்ளியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

இந்த ஏப்ரலோடு மகளுக்கு ஐந்தாம் வகுப்பு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு மறுபடியும் தேடல். பெரிய பள்ளியில் ஒரு நல்ல டீச்சர் போதாது, கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர் என்று வேண்டும். இரண்டு பள்ளிகளில் போய்க் கேட்டேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறதே, தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை, அதில் உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்றேன். ஒரு பள்ளியில் கணக்கு சார் பெயர் பெயராகச் சொன்னார், சனிக்கிழமை வகுப்பு எடுப்பதையும் சொன்னார். இன்னொரு பள்ளியில் தலைமையாசிரியர், “கணக்கு டீச்சர் இடம் ஒரு வருஷமா காலிம்மா, நானேதான் எடுக்கிறேன்” என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி. ஆனால் நான் நேரில் போய்க் கேட்காவிட்டால் இது எனக்கு எப்படித் தெரியும்?

கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டுப் பள்ளி பள்ளியாகப் போக எல்லோராலும் முடியாது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், கிருஷ்ணகிரியில் 71.5, தருமபுரியில் 68.5. தமிழ்நாட்டிலேயே கடைசி எங்கள் மாவட்டம்தான். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு தாயிடம் நோட்டைப் புரட்டிப் பாருங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர்களுக்கு யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மே 1 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. பள்ளி திறக்க ஒரு மாதம் இருக்கிற நேரம். அன்றைக்கு அந்த ஊராட்சியின் ஒவ்வொரு அரசுப் பள்ளியைப் பற்றியும் சத்தமாக வாசிக்கட்டும்: பிள்ளைகள் எத்தனை, டீச்சர்கள் எத்தனை, எந்த இடம் எத்தனை மாதமாகக் காலி, தமிழ் வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை, என்.எம்.எம்.எஸ். தேறியவர்கள் எத்தனை. கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், குழுவில் பாதிப் பேர் பெண்கள். வாசிக்கிற வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். அப்புறம் ஏப்ரலில் இரண்டு நாள், வகுப்பு நடக்கும்போதே பெற்றோர் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்க எல்லாப் பள்ளிகளும் அனுமதிக்க வேண்டும். நல்ல டீச்சருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஊரே அவரைத் தெரிந்துகொள்ளும்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பற்றி இவ்வளவு பேசுகிறேன். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் அஞ்செட்டிக் காட்டு ஊர்களிலும் இருப்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? கீழே இறங்காமல் போக ஒரே பள்ளி என்றால் அந்தப் பள்ளிக்குத்தான் நல்ல டீச்சர் முதலில் போக வேண்டும். போகிறவருக்குத் தங்க வீடும் கூடுதல் சம்பளமும் கொடுத்தால் தப்பே இல்லை. இடமாறுதல் கலந்தாய்வில் மலைப் பள்ளி இடங்களை முதலில் நிரப்புங்கள் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. செப்டம்பர் 5 வந்தால் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது பெற்றவர்களின் படத்தைப் போடுகிறீர்கள். பொன்னாடையும் பதக்கமும் தெரிகிறது, அவர் வகுப்பில் என்ன செய்தார் என்பது தெரிவதில்லை. விருது வாங்காதவர்களையும் சேர்த்து, வாரம் ஒரு பள்ளிக்கு உங்கள் நிருபரை அனுப்பி ஒரு பாட வேளை முழுக்க உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பென்னாகரம், அரூர், பர்கூர், ஊத்தங்கரை என்று போனால் எழுத விஷயம் தீராது.

எங்கள் ஊராட்சியில் வருகிற மே 1 அன்று எழுந்து நின்று இதைக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கடைக்கு வருகிற தாய்மார் சிலரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் மற்ற ஊர்க்காரர்களும் கேட்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் ஒரு தாய்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.