முப்பது போத்தல்

கிம்ஹே, தென்கொரியா
13.10.2024, ஞாயிறு மத்தியானம்

அன்பின் அக்காவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா எல்லாக் கடிதத்தையும் இப்படித்தான் தொடங்குவா, எனக்கும் வேறு மாதிரித் தொடங்க வராது. 2015இல் இதே நாட்டிலிருந்து போனில் "நல்ல சுகம்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று உங்களுக்கும் தெரியும். இது உண்மை.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் நான் சொல்கிற கதையைக் கேட்பதில்லை அக்கா, என் நாக்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன கிழமை எனக்குத் தடிமன், மூக்கு அடைத்துக் கிடந்தது. "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று மூன்று தரம் கேட்டீர்கள், பிறகு கமராவைப் போடச் சொன்னீர்கள், போட்டதும் முதலில் என் கண்ணைப் பார்த்தீர்கள், அப்புறம் பின்னால் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்கள். கோபமில்லை. 2016இல் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே. ஆனால் இப்படியே போனால் நான் இங்கே ஒரு நாளை எப்படிப் போக்குகிறேன் என்று உங்களுக்குத் தெரியவே வராது.

விழுந்த கிணற்றுக்குள்ளேயே திரும்பவும் ஏன் இறங்குகிறாய் என்று கேட்டீர்கள், அப்போது ஒழுங்கான பதில் சொல்லவில்லை. முதல் தரம் நான் வேலைக்காக வரவில்லை, ஸ்காபரோவில் எல்லாருக்கும் என் குடி தெரிந்துவிட்டது, தெரியாத சனத்துக்குள் போனால் விட்டுவிடலாம் என்று வந்தேன். குடியை விட்ட ஆட்கள் கூடுகிற எங்கள் கூட்டத்தில் இந்த யோசனையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், ஏனென்றால் அங்கே இருக்கிற ஆட்களில் பாதிப் பேர் ஊர் மாறிப் பார்த்தவர்கள். அப்போது வேலை ஒரு ஹாக்வொனில், அதாவது எங்கள் ஊர் ரியூற்றரி மாதிரி, பின்னேரம் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடியும், முடிந்ததும் எல்லாரும் நேரே குடிக்கப் போவோம், மறுநாள் மத்தியானம்வரை நித்திரை. குடிகாரனுக்கென்றே போட்ட நேரசூசி. கடைசியில் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கிடந்து அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

இந்தத் தரம் வந்தது எனக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதைத் தவிர வேறொன்றும் சரியாகச் செய்யத் தெரியாது என்பதால். அதுவும் அரசாங்கப் பள்ளிக்கூடம், காலை எட்டு நாற்பதுக்கு நிற்க வேண்டும். ஆங்கிலம் படிப்பிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற இ-2 விசாவுக்கு கனடாப் பொலிஸின் பதிவு கேட்பார்கள், என்னுடையது வெள்ளையாக இருந்தது. அது என் கெட்டித்தனம் இல்லை. நீங்கள் கார்த் திறப்பை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தபடியால்தான். கண்டுபிடித்திருந்தால் கட்டாயம் ஓட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடக் கதை கொஞ்சம். இங்கே மூன்றாம் வகுப்பிலிருந்துதான் ஆங்கிலம், மூன்று முதல் ஆறுவரை எனக்கு. நாற்பது நிமிசப் பாடம், கிழமைக்கு 22 பாடம், கூடவே ஒரு கொரிய ரீச்சர் நிற்பா. முதல் நாள் ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், நீங்கள் கனடா இல்லை, இந்தியா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். யாழ்ப்பாணம் என்றேன், அதைக் கொரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள் என்றார்கள். எழுதலாம், ஆனால் ழ இல்லை, ல தான் போட வேண்டும். யால்ப்பாணம் என்று இருபத்தாறு பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினால் எப்படியிருக்கும், நீங்களே யோசியுங்கள். மத்தியானம் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஐந்து குழி வைத்த எவர்சில்வர் தட்டில் சோறு, சூப், கிம்சி, இரண்டு கறி. கிம்சி இல்லாமல் சோறு இறங்காத ஆளாக மாறிவிட்டேன்.

எனக்குக் கஷ்டமான நேரம் பின்னேரம் ஐந்து முதல் எட்டு. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நான்கு சிறு கடைகள், நான்கும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும், சோஜு, அதாவது இவர்களின் சாராயம், ஒரு போத்தல் இரண்டாயிரம் வொன்னுக்குக் கிட்ட, நல்ல கோப்பி அதைவிட விலை. ரொறன்ரோவில் மதுக்கடை இரவில் பூட்டிவிடும், அந்தப் பூட்டு எத்தனை தரம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே விடிய மூன்று மணிக்குப் போனாலும் கடைப் பெடியன் வணக்கம் சொல்லி விற்பான். அதனால் பள்ளிக்கூடம் விட்டவுடன் முதலில் சாப்பிடுவேன், பசியோடு அந்தத் தெருவால் நடப்பதில்லை. அவ்வளவுதான் என் வித்தை.

அடுத்தது ஹ்வேஷிக். வேலைசெய்கிற இடத்துச் சனம் எல்லாம் சேர்ந்து இரவில் சாப்பிடப் போவது, போகாமல் விட்டால் வடிவில்லை. மார்ச்சில் பள்ளிக்கூட வருசம் தொடங்கியதும் முதலாவது. உப அதிபர் பச்சைப் போத்தலோடு மேசை மேசையாக வந்து ஊற்றுகிறார், பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், அவருக்கு முன்னால் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். நான் நாட்டு மருந்து குடிக்கிறேன் என்று சொல்லித் தப்பினேன், கொரியர்களே சொல்கிற சாட்டு அது. ஆனால் பொய்யில் தொடங்கினால் எனக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். மே மாதம் திரும்பவும் அதே மனுசன், "மருந்து முடிந்துவிட்டதா?"

கொரியனில் குடிக்கிறதில்லை என்று சொல்ல இரண்டு வழி. அன் மாஷ்யோயோ என்றால் குடிப்பதில்லை, எனக்கு விருப்பமில்லை. மொத் மாஷ்யோயோ என்றால் எங்கள் பாசையில் அப்படியே "குடிக்க ஏலாது". ஆங்கிலத்தில் கூட்டத்தில் எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன், இந்த "ஏலாது" அங்கே இவ்வளவு லேசாக வாயில் வரவில்லை. மொத் என்றேன். முந்தி அளவுக்கு மிஞ்சிக் குடித்தேன், இனி ஏலாது. அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, சில்சொங் சைடரைத் திறந்து, அது இங்கே சோடா, அந்தக் குட்டிச் சோஜுக் குவளைக்குள் இரண்டு கையாலும் ஊற்றினார். நானும் இரண்டு கையாலும் ஏந்தி, பழக்கதோசத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோடாவைக் குடித்தேன். மேசை முழுக்க ஒரே சிரிப்பு.

இனிச் சொல்லப்போவதை இருந்துகொண்டு வாசியுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் நான் ஒரு சாக்கு வெறும் சோஜுப் போத்தலைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவால் போகிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ் அறையில் ஒரு கிழவி இருக்கிறா, நான் ஹால்மொனி என்றுதான் கூப்பிடுவேன், அப்பம்மா அம்மம்மா இரண்டுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான் பழக்கம். அக்கம்பக்கத்துக் கடைவாசல்களில் போத்தல் பொறுக்குவா. சோஜுப் போத்தல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 100 வொன், நான் முன்பு இருந்த காலத்தில் 40 தான், 2017இல் கூட்டினார்கள். ஆனால் ஒரு ஆளிடம் ஒரு நாளைக்கு 30 போத்தலுக்கு மேல் கடைக்காரர் எடுக்கத் தேவையில்லை. சித்திரையில் ஒருநாள் நாற்பத்தொரு போத்தலோடு கடைவாசலில் சண்டை பிடித்துக்கொண்டு நின்றா. மிச்சப் பதினொன்றையும் நான் என் பேரில் கொடுத்தேன். அன்றிலிருந்து நான்தான் அவவின் இரண்டாவது ஆள், இரண்டு பேருமாக அறுபது.

முதல் கிழமை சாக்கைத் தூக்கியபோது போத்தல்களின் அடியில் கிடந்த மிச்சம் எல்லாம் ஒழுகி என் சட்டையில் ஊறிவிட்டது. அந்த மணம், அக்கா. வீட்டுக்கு ஓடிப்போய் சட்டையை இரண்டு தரம் தோய்த்தேன், மூக்கை விட்டுப் போகவில்லை. இங்கே சனி காலை ஒன்பது, உங்களுக்கு வெள்ளி இரவு எட்டு, ரொறன்ரோவில் இருக்கிற என் ஸ்பொன்சரை, கூட்டத்தில் எனக்குத் துணை நிற்கிற மூத்தவரை, எடுத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன், மனதுக்குள் அதைத்தான் எதிர்பார்த்தேன் போல. அவர், "கிழவிக்கு வேறு யார் இருக்கினம்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப முதலில் கழுவு" என்றார். இப்போது பின்பக்கக் குழாயடியில் ஒரு வாளி வைத்து ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சாக்கில் போடுகிறேன். ஹால்மொனிக்கு இது விசர் வேலை, கடைக்காரன் கழுவு என்று கேட்கவில்லையே என்று புறுபுறுப்பா. கூலியாக இந்த மாதம் சீதாப்பழம் அளவில் செம்மஞ்சள் பழம், தான்-காம் என்று சொல்வார்கள், இந்தக் கிம்ஹேயில் ஜின்யொங் என்ற இடத்தது பேர் பெற்றது. அப்பிள் மாதிரிக் கடித்துத் தின்னலாம்.

அப்பாவின் பழக்கம்தான் எனக்கு வந்தது என்று சின்ன மாமி இன்னும் சொல்லித் திரிகிறாவாம். அப்பா ஒரு போத்தல் சாராயத்தை ஒரு மாதம் வைத்திருப்பார். அவரை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புரட்டாதியில் சுசோக் வந்தது, இவர்களின் அறுவடைத் திருநாள், சனி ஞாயிறோடு சேர்த்து ஐந்து நாள் லீவு. எல்லாரும் ஊருக்குப் போய்விட, ஹால்மொனியையும் யாரோ வந்து கூட்டிப் போக, கட்டடத்தில் நான் மட்டும். தனிமையும் லீவும் ஒன்றாக வந்தால் எங்களுக்கு ஆபத்து. வெயிலும் இந்த வருசம் சரியான மோசம், புரட்டாதி என்று சொல்லவே ஏலாது. முதல் நாள் ஹொ ராணியின் சமாதிக்கு நடந்து போனேன். கி.பி. 48இல் ஆயுத்தா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தவ என்று இவர்களின் பழைய நூலில் இருக்கிறது. அவ தமிழிச்சிதான் என்று யூரியூபில் ஆட்கள் சத்தியம் பண்ணுகிறார்கள், அத்தானும் ஒரு வீடியோ அனுப்பினார், நான் சண்டைக்கு வரவில்லை. கடல் அலையை அடக்கவென்று அவ கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்கிற கற்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள், செம்மை ஓடிய, விளிம்பெல்லாம் தேய்ந்த கற்கள். ஒரு மணித்தியாலம் இருந்தேன். அங்கே கடை இல்லை, அதுதான் முதல் காரணம்.

அடுத்த நாள் தொங்சாங்-தொங் சந்தைக்குப் போனேன். கிம்ஹேயைச் சுற்றி எங்கும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகள், வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைய, லீவு என்றால் அங்கேதான் கூடுவார்கள். பருப்பும் தேங்காய்ப்பால் ரின்னும் வாங்கிக்கொண்டு நிற்க, ஒருவன் "லங்காவென்த?" என்று கேட்டான். குருநாகல் பெடியங்கள் நான்கு பேர். என் சிங்களம் சோதனைச்சாவடியில் பழகிய ஏழெட்டுச் சொல்லோடு முடிந்துவிடும், அவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது. ஆனால் வேலைக்கு வரவே கொரியப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், என்னைவிட நல்லாய்க் கதைக்கிறார்கள். அப்படியே கொரியனில் கதைத்தோம், அக்கா! யாழ்ப்பாணம் என்றேன். ஒரு நிமிசம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு ஒருவன் கதிரையை இழுத்துப் போட்டான்.

குவளையை நீட்டினார்கள். மொத் என்றேன். ஏன் என்று கேட்டார்கள், ப்யொங் என்றேன், வருத்தம் என்று சொல்ல நினைத்து. கொரியனில் ப்யொங் என்றால் வருத்தமும்தான், போத்தலும்தான். ஒருவன் மேசையில் இருந்த போத்தலைத் தூக்கிக் காட்டி "இதுவா?" என்றான். இரண்டும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. தன் அப்பாவுக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் எனக்கு இஞ்சி போட்ட பிளேன் ரீ வாங்கிக்கொண்டு வந்தான். நான்கு வருசம் பத்து மாதம்தான் அவனுக்கு விசா, அதற்குள் வீட்டுக்குக் கூரை போட வேண்டுமாம். பின்னேரம்வரை இருந்தேன். ஐந்து முதல் எட்டு எப்போது போனது என்று தெரியவில்லை.

மற்றப்படி இரண்டு கிழமைக்கு ஒருதரம் பூசானில் ஒரு சின்னக் கூட்டம், லைட் ரெயிலில் சசாங் வரைக்கும் போய், அங்கே சப்வே மாற வேண்டும். வருகிறவர்கள் ஆறேழு பேர், யார் எவர் என்று எழுத ஏலாது, உங்களுக்குத் தெரியும்தானே. எங்கள் பழைய கூட்டத்துக்கும் ஸூமில் போகிறேன், உங்களுடைய சனி இரவு எட்டு மணி எனக்கு ஞாயிறு காலை ஒன்பது. அங்கே எல்லாரும் நாளை முடித்துவிட்டு அலுப்போடு இருப்பார்கள், நான் அப்போதுதான் பல் தீட்டியிருப்பேன். அடுத்த மாசி வந்தால் நான்கு வருசம்.

நவம்பர் 3ஆம் திகதி உங்களுக்கு மணி மாறும், இங்கே மாறாது. நீங்கள் வழக்கம்போல இரவு ஒன்பதரைக்கே எடுங்கள், எனக்குத்தான் பத்தரை பதினொன்றரையாகும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கறித்தூள் கொடுத்துவிடுங்கள், வறுத்துத் திரித்தது, கடையில் வாங்கியது வேண்டாம். பெரியவனுக்குச் சொல்லுங்கள், அவன் கேட்ட தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவன் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதித் தந்தது.

தடிமன் இன்னும் முழுதாக மாறவில்லை. அடுத்த கிழமையும் குரல் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் தம்பி