காய்ச்சலை மறைக்காதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. எபோலா பரவுகிற காங்கோவுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் கவலைதான். ஆனால் ராணுவத்தில் நர்ஸ் ஆன பிறகு, நோய் பரவுகிற இடத்துக்கு நீ போகாமல் வேறு யார் போவார்கள்? நல்லபடியாகப் போய் வா. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எபோலாவைப் பற்றி நான் உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: அங்கே பரவுவது எந்த வகை? எர்வெபோ என்கிற எபோலா தடுப்பூசி, சயர் என்ற வகைக்கு மட்டும்தான். எனக்குப் பயமெல்லாம் மலேரியாமேல். 2003-இல் லைபீரியாவில் கரையிறங்கிய அமெரிக்க மரைன் வீரர்களில் 80 பேருக்கு மலேரியா வந்தது. தடுப்பு மாத்திரை இல்லாமல் இல்லை, பலர் ஒழுங்காக விழுங்கவில்லை. எபோலா பரவும் ஊரில் இது இன்னும் ஆபத்து. இரண்டுமே முதலில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்றுதான் வரும். கொசுக்கடியில் வந்த காய்ச்சலுக்கு உன்னை எபோலா சந்தேக வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள். மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் தினமும் சாப்பிட்டதும் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, உடனே படுக்காதே, உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

சுகாதார ஆய்வாளராக இந்த ஏற்காடு மலையில் காபி எஸ்டேட் லைன் வீடுகளில் ஏறி இறங்கியவன் நான். "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். படுத்தால் அன்றைய கூலி போச்சு. ஒரு பெண், கண் சிவந்து உதடு காய்ந்து நிற்கிறாள், பழம் பறிக்கிற கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டே "ஒண்ணுமில்லைங்க சார்" என்றாள். தொட்டால் கொதிக்கிறது. விரலில் குத்திக் கண்ணாடியில் ரத்தம் தடவி அனுப்பினேன், மலேரியா.

சீருடை போட்டவர்களும் அப்படித்தான் மறைப்பார்கள் என்று நினைக்கிறேன். கூலிக்குப் பயந்து அல்ல, திருப்பி அனுப்பிவிடுவார்களோ, பயந்துவிட்டாள் என்பார்களோ என்று. நீ அப்படிச் செய்யாதே. எபோலா அறிகுறி வந்த பிறகுதான் அடுத்தவருக்குத் தொற்றும். லேசாக உடம்பு சுட்டாலும் அந்த நிமிடமே சொல்லிவிட்டால், பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பிள்ளை தப்பும், சிகிச்சை சீக்கிரம் கிடைத்து நீயும் தப்பலாம்.

அப்புறம், கவச உடை. போடும்போது எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் போடுவார்கள். கழற்றும்போதுதான் ஆபத்து. உள்ளே வியர்வை ஊற்றும், கண்ணாடி மங்கிப்போகும், எப்போது பிய்த்துப் போடுவோம் என்று இருக்கும். எதிரில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கையுறையைக் குளோரினில் நனை. தலை சுற்றினால் நேரம் முடியும்வரை காத்திருக்காதே, துணைக்கு இருப்பவரிடம் சொல்லிவிட்டு இருவருமாக வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் 21 நாள் கண்காணிப்பு முடியாமல் ஏற்காடு பஸ் ஏறாதே. சேர்வராயன் திருவிழாவே வந்தாலும் சரி, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். டாக்ஸிசைக்ளினை அங்கிருந்து கிளம்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும், அந்த அட்டையைப் பையில் மேலாகவே வைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா