இசைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் நமது சங்கம் செய்த பணிகளை அவையின் முன் வைக்கிறேன்.

தியாகராஜர் ஆராதனை தை மாதம் வழக்கம்போல் நடந்தது. நவராத்திரிக்கு மூன்று நாள் கச்சேரி. செம்பை கிராமத்து ஏகாதசி சங்கீத உற்சவத்துக்குப் பதினெட்டுப் பேர் வேனில் போய் வந்தோம். மாணவர் பாட்டுப் போட்டி தேர்வுக் காலத்தில் வந்ததால் கைவிடப்பட்டது.

இரண்டாம் சனிக்கிழமைகளில் வாசகசாலை மாடியில் நடந்த பியானோ கேட்கும் கூட்டங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பினர் ஒருவர் இதை ஆட்சேபித்து எழுத்து மூலமாகவே கடிதம் கொடுத்திருக்கிறார்.

முந்தைய ஆண்டு எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. சில நாள் படிக்கக் கூடாது, தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்றார்கள். மகள் தன் கைபேசியில் எதையாவது ஓடவிட்டு என் காதில் மாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். அப்படி வந்ததுதான் ஜெர்மானிய இசைமேதை பாக் 1722-இல் தொகுத்த நூலின் முதல் உருப்படி; பியானோவில் வாசித்த, சி மேஜர் பிரெலூட் என்ற சிறு இசை. முதலில் அதில் பாட்டே இல்லை என்று நினைத்தேன். யாரோ சுரங்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டுப் பழகுகிறார்கள் என்று தோன்றியது. நான்காவதோ ஐந்தாவதோ தடவை கேட்கும்போது, அடியில் இருந்த கீழ்ஸ்தாயிச் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது காதில் பட்டது. இருட்டில் குளத்துப் படிகளில் கால் வைத்து இறங்குவதுபோல் இருந்தது. கண்கட்டு அவிழ்த்த பிறகும் நான் அதை விடவில்லை. அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்ததை என் சங்கத்தாரோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன். அதற்காகத்தான் இந்தக் கூட்டங்கள்.

கடிதத்தில் உள்ள ஆட்சேபம் இதுதான்: சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் இல்லாத வாத்தியத்துக்கு நம் சங்கத்தில் என்ன இடம்? நியாயமான கேள்வி. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியில் பட்டுத் திரும்பிவிடும். அதன்பின் அந்தச் சுரத்தை வளைக்க முடியாது, அசைக்க முடியாது. அது தேயத் தொடங்கிவிடும். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி இந்தச் சுத்தியல் அமைப்பைச் செய்ததன் பலன், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப மெலிந்தும் உரத்தும் ஒலிக்கிற வாத்தியம் கிடைத்தது. நல்ல கலைஞர் முந்தைய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அந்த அளவுக்கு அடுத்ததை வைக்கிறார். வீணை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தீட்சிதரே மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவற்றைச் சங்கராபரண ராகத்தில் இன்றும் பாடுகிறோம். தியாகராஜர் பிறந்தது 1767, பீத்தோவன் 1770. இவர் திருவையாற்றில் பாடிய அதே ஆண்டுகளில் அவர் வியன்னாவில் சொனாட்டா எனப்படும் நீண்ட பியானோ உருப்படிகள் 32 எழுதினார். ஆராதனைக்கு வருகிறவர்கள் அவரைக் கேட்பதில் என்ன குறை வந்துவிடும்?

முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஆடியில் ஏழு பேர். ஐப்பசி மழையில் நான்கு பேர். அந்த நால்வரில் நமது மூத்த மிருதங்க வித்வான் ஒருவர். வியன்னாவின் இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டாவை அன்று வைத்தேன். அதை அவர் 1828 செப்டம்பரில் முடித்து, நவம்பரில் 31 வயதில் இறந்துபோனார். அமைதியான மெட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது, மிகக் கீழே இடது கையில் ஒரு சுரம் மெல்ல அதிர்ந்து அடங்கும். வித்வான் சட்டென்று நிமிர்ந்து, "தொப்பியில் கும்கி கொடுக்கிறானே!" என்றார். மிருதங்கத்தின் இடப்பக்கம்தான் தொப்பி; அதில் எழுப்பும் அடித்தொனி கும்கி. திரும்பவும் வைக்கச் சொன்னார். அன்று அந்த இடத்தை மட்டும் ஆறு தடவை கேட்டோம். கடைசி பஸ் போய்விட்டது. அவரை நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆட்சேபித்தவர் அன்று வந்திருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். அவர் ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை.

இந்தக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாங்கிய தொகையில் பாதி என் சொந்தப் பணம். இதைச் சொல்ல நான் விரும்பவில்லை. பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. செலவு வரவை ஒட்டியே இருந்தது; கையிருப்பு ஆராதனையின் முன்பணத்துக்குப் போதும். அறுபத்து நான்கு உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் இருபத்தேழு பேர். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். மூன்று ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் ஒன்பது பேர். அவர்களில் சிலர் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்வரிசையில் அமர்கிறவர்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். வீடு தேடிப் போனால் கோபாலபுரம் போயிருக்கிறார், பொள்ளாச்சி சந்தைக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள்.

இடம் தந்த வாசகசாலைக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒன்று. மார்கழிக் கூட்டத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர் தவறாமல் வருகிறார்கள். பியானோ கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் பள்ளியில் உள்ள கீபோர்டில் 61 கட்டைகள்தாம், பியானோவுக்கு 88. தந்தி பூட்டிய பியானோவை வாங்கச் சொல்லவில்லை. ஆடி மழையில் மரம் ஊதி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் வற்றும் ஊரில் அதற்குச் சுருதி நிற்காது. சுத்தியலின் கனத்தை விரலுக்குத் தரும் மின்பியானோ ஒன்று போதும். நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் அதன் விலையில் ஒரு நல்ல பங்கு தேறும். தேறாவிட்டால் இந்தப் பொறுப்பில் நான் தொடர்வது சங்கத்துக்குப் பயன்படுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். விஷு வரை தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசகசாலையில் இருப்பேன். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

செயலாளர்